தப்பில்லாத தடுமாற்றம்

நான்காம் வகுப்பு, தமிழ்ப் பாடவேளை. ‘திண்டுக்கல்லிலிருந்து’ என்ற சொல்லின் மேல் ஒரு பையனின் விரல் ஊர்கிறது. தி, ண், டு, க், க, ல்... மொத்தம் 11 எழுத்துகள். ஒன்றில்கூடத் தப்பில்லை. ஆனால் கடைசி ‘து’வைத் தொடும்போது தொடக்கத்து ‘திண்டு’ நினைவில் இல்லை. திரும்பவும் முதலிலிருந்து தொடங்குகிறான். திண்டுக்கல்லிலிருந்து வந்தது யார், எதற்காக வந்தார் என்று கேட்டால் விழிப்பான். பக்கத்தில் இருக்கும் பெண் அதே வரியை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு உட்காருகிறாள். “வாசிக்கத் தெரியுது, வேகம்தான் பத்தல. வீட்டுல நல்லா வாசிச்சுப் பழகு” என்று பையனிடம் சொல்லிவிட்டு டீச்சர் அடுத்த பத்திக்குப் போகிறார்.

திண்டுக்கல் மாவட்டத்தில் வேடசந்தூர், நிலக்கோட்டை, ஆத்தூர், சாணார்பட்டி என்று எந்த ஒன்றியத்துத் தொடக்கப் பள்ளியிலும் இப்படி ஒரு பையனையோ பெண்ணையோ பார்க்கலாம். டீச்சர் சொன்ன அறிவுரையில் குற்றம் காண முடியாது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு இருப்பது வாசிப்பு சார்ந்த கற்றல் குறைபாடாக, அதாவது டிஸ்லெக்சியாவாக இருந்தால், நாம் அவனைக் கோட்டைவிடும் இடம் இதுதான். டிஸ்லெக்சியா என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் அடையாளங்கள் ஆங்கிலத்தைச் சேர்ந்தவை. 2007இல் வந்த ‘தாரே ஜமீன் பர்’ படத்தின் சிறுவன் ஆங்கில எழுத்துகளை இடம்வலமாகத் திருப்பி எழுதினான். எழுத்துகள் ஆடுகின்றன என்றான். தமிழில் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாக இருக்கும் எழுத்துகளே அரிது. நம் வகுப்புகளில் இந்தக் குறை பிழையாக வந்து நிற்பதைவிடத் தாமதமாக வந்து நிற்பதற்கே வாய்ப்பு அதிகம். தாமதத்துக்குப் பள்ளி வழக்கில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: மெல்லக் கற்போர். அந்தப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் அதற்கப்புறம் காரணத்தை யாரும் தேடுவதில்லை.

இந்தக் குறையை முதலில் விவரித்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் சீஃபோர்டு ஊர் மருத்துவர் பிரிங்கிள் மோர்கன். 1896 நவம்பரில் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் 14 வயதுப் பையன் பெர்சியைப் பற்றி எழுதினார். கெட்டிக்காரன், விளையாட்டில் சுறுசுறுப்பு, கணக்கு பிடிக்கும். ஆனால் வாசிப்பு வரவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் மாணவன் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது. “சார், வாயால கேட்டா டக்டக்குனு சொல்றான் சார். எழுதச் சொன்னாத்தான் பேனாவைக் கடிச்சுக்கிட்டு உக்காந்துக்கிறான்” என்று நம்மூர் அம்மாக்கள் பெற்றோர் கூட்டத்தில் சொல்வதும் அதேதான். நூற்றாண்டு கடந்தும் இந்தக் குறையின் சிறந்த முதல் அறிகுறி இந்த முரண்பாடு என்றே நினைக்கிறேன். வாய்க்கும் எழுத்துக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருந்தால் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பேச்சு மனிதனுக்கு மிகப் பழைய சொத்து. எழுத்து வந்து சுமார் 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதனால் வாசிப்புக்கென்று பிறவியிலேயே ஒதுக்கப்பட்ட இடம் மூளையில் கிடையாது. பொருள்களையும் முகங்களையும் அடையாளம் காணும் பகுதிக்குப் பக்கத்தில், இடது மூளையின் அடிப்புறத்தில் ஒரு துண்டு இடத்தைப் பள்ளிக்கூடம் பிடுங்கி எழுத்துக்குக் கொடுக்கிறது என்பது பிரெஞ்சு நரம்பியலாளர் ஸ்தானிஸ்லாஸ் தெஹானின் விளக்கம். அந்த இடம், ஒலிகளைக் கையாளும் பகுதிகளோடு வேகமாகப் பேசிக்கொள்ள வேண்டும். ‘ப’ என்ற வடிவத்தைக் கண்டதும் அதன் ஒலி தானாக எழ வேண்டும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்தத் தொடர்பு உறுதியாக அமைவதில்லை. கண்ணில் கோளாறு கிடையாது. அறிவுக்கும் சோம்பலுக்கும் சம்பந்தம் கிடையாது. குடும்ப வழியில் வருவது என்பதை இரட்டையர் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. “நானும் இப்படித்தான் இருந்தேன், எட்டாவதோட நின்னுட்டேன்” என்று ஓர் அப்பா சொன்னால் அதைச் சாக்கு என்று தள்ளாமல் தகவலாக எடுத்துக்கொள்ளலாம்.

2001இல் எரால்டோ பௌலேசுவும் அவருடைய குழுவினரும் இத்தாலியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று மூன்று நாட்டு டிஸ்லெக்சியா மாணவர்களை ஒப்பிட்டார்கள். வாசிக்கும்போது இடது மூளையின் அதே பகுதியில்தான் மூவரிடமும் செயல்பாடு குறைந்திருந்தது. ஆனால் இத்தாலியர் மற்ற இருவரையும்விட நன்றாக வாசித்தார்கள். இத்தாலிய எழுத்து ஒலியை ஒளிக்காது. ஆங்கில எழுத்துமுறையோ வாசிப்பவனைப் பாடாய்ப் படுத்தும். ஆஸ்திரியாவின் ஹைன்ஸ் விம்மர் ஜெர்மன் பேசும் பிள்ளைகளிடம் கண்டதும் இதையே: டிஸ்லெக்சியா உள்ளவர்கள் பெரும்பாலும் சரியாகவே வாசித்தார்கள், ஆனால் மிக மெதுவாக. தமிழும் ஏறக்குறைய இத்தாலியன், ஜெர்மன் பக்கம் நிற்கும் மொழி. க என்ற ஓர் எழுத்து ‘கடல்’, ‘தங்கை’, ‘மகள்’ மூன்றிலும் மூன்று விதமாக ஒலித்தாலும், எங்கே எப்படி ஒலிக்கும் என்பதற்கு ஒழுங்கு உண்டு. தமிழ் பேசும் பிள்ளைக்கு அது சொல்லாமலே வரும். ஆகவே நம் பிள்ளை எழுத்துக்கூட்டி எப்படியோ கரை சேர்ந்துவிடுகிறான். சேர்ந்துவிடுவதாலேயே கண்ணில் படாமல் போகிறான்.

தமிழுக்கென்று தனிச் சுமைகளும் உண்டு. 247 எழுத்துகளையும் தனித்தனி வடிவமாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்பது உண்மைதான்; குறியீடுகளைச் சேர்த்தால் போதும். ஆனால் அந்தக் குறியீடுகள் நிற்கும் இடத்தைப் பாருங்கள். ‘கெ’யில் முதலில் ஒலிப்பது க், பிறகு எ. கண்ணுக்கு முதலில் படுவதோ ஒற்றைக்கொம்பு. ‘கொ’வில் உயிரின் குறி மெய்யை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்கிறது. காது கேட்கும் வரிசையும் கண் காணும் வரிசையும் வேறு. 1978இன் எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை போன்ற 13 எழுத்துகளின் பழைய வடிவங்களை நீக்கி, துணைக்காலும் இணைக்கொம்பும் போட்டு நேராக்கியது. உகர, ஊகார வரிசையைத் தொடவில்லை. கு, சு, டு, து, பு, மு, று என்று அந்த 36 எழுத்துகள் இன்னமும் தத்தம் விருப்பப்படி வளைகின்றன. சாதாரணப் பிள்ளைக்கு இது சில மாத வேலை. தொடர்பு உறுதியாகாத பிள்ளைக்கு ஒவ்வொன்றும் தனிப் பாடம். கன்னடத்தில் இப்படிப்பட்ட எழுத்துமுறையை ஆராய்ந்த சோனாலி நாக், எழுத்துகளைக் கற்று முடிக்கவே பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்று 2007இல் எழுதினார். ஆங்கிலத்தின் 26 எழுத்தை வைத்து வகுத்த கால அட்டவணை நமக்குப் பொருந்தாது.

பேச்சும் எழுத்தும் பிரிந்து கிடப்பது அடுத்தது. வீட்டில் ‘வந்துச்சு’, புத்தகத்தில் ‘வந்தது’. வீட்டில் ‘வாளப்பளம்’, புத்தகத்தில் ‘வாழைப்பழம்’. ஆகவே சொல்வதை எழுதச் சொன்னால் ழ, ள, ல குழம்புவதை வைத்துக் குறைபாட்டை எடை போட முடியாது; அது மதுரை, திண்டுக்கல் பக்கத்துப் பேச்சு எழுத்தில் ஏறுவது. ‘பள்ளிக்கு’ என்பது ‘பளிகு’ ஆவதும், ‘சென்றான்’ என்பது ‘சென்றன்’ ஆவதும், நீளமான சொல்லின் நடுவே ஓர் அசையே காணாமல் போவதும் மூன்றாம், நான்காம் வகுப்பிலும் தொடர்ந்தால் அது வேறு. ஒலியின் நீளத்தையும் அழுத்தத்தையும் காது பிரித்து வைக்கவில்லை என்பதற்கான தடயங்கள் அவை. சிவப்பு மையால் சுழித்து ‘பத்து முறை எழுது’ என்று போடுவதால் கைதான் வலிக்கும்.

வேகம் ஏன் அவ்வளவு முக்கியம்? நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை கட்டும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஊர்க்கதை பேசிக்கொண்டே விரல்கள் சரம் கட்டும். கண் பூவைப் பார்க்கவே பார்க்காது. புதிதாகப் பழகும் சிறுமிக்கு ஒவ்வொரு முடிச்சுக்கும் முழுக் கவனம் வேண்டும். அப்போது கதை கேட்க முடியாது. வாசிப்பில் அந்தக் கதைதான் பொருள். எழுத்தை ஒலியாக்கவே மூளையின் நினைவு முழுதும் செலவாகிவிட்டால், வாக்கியம் என்ன சொல்கிறது என்பதைப் பிடித்துவைக்க இடம் மிஞ்சாது. தமிழில் சொற்களும் நீளம். ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கு’ என்பது ஆங்கிலத்தில் நாலைந்து சொற்கள். நமக்கு ஒன்று.

இனி, யார் இந்தப் பிள்ளை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வாசிப்பு வராத எல்லோருக்கும் குறைபாடு இருப்பதாக எடுத்துக்கொண்டால் ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டிவரும். கொரோனாவுக்குப் பிறகு 2022இல் நடந்த ‘ஏசர்’ கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்பில் படித்தவர்களில் சுமார் நால்வரில் ஒருவரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. மற்ற மூவரின் மூளையிலும் கோளாறா? பள்ளி பூட்டிக்கிடந்ததன் விளைவு அது. அந்த இடைவெளியை அடைக்க 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’, முதலில் 12 மாவட்டங்களில் சோதித்துப் பார்க்கப்பட்டது. அவற்றில் திண்டுக்கல்லும் ஒன்று. மாலையில் தெருத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ தன்னார்வலர்கள் கற்றுக் கொடுத்தார்கள். கற்பிக்காததால் வந்த பின்னடைவு கற்பித்தால் சரியாகும். டிஸ்லெக்சியா அப்படிச் சட்டென்று சரியாகாது.

வீட்டு மொழியும் கணக்கில் வர வேண்டும். சின்னாளப்பட்டி நெசவுத் தெருக்களில் கன்னடமும் தெலுங்கும் வீட்டுக்குள் புழங்கும். திண்டுக்கல் நகரில் சௌராஷ்டிரம் பேசும் குடும்பங்கள் உண்டு. வேடசந்தூர்ப் பக்கத்துப் பஞ்சாலைகளுக்கு வந்த வடமாநிலத் தொழிலாளரின் பிள்ளைகள் இந்தியும் ஒடியாவும் பேசிக்கொண்டு தமிழ் வழி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். மொழி புரியாததைக் குறைபாடு என்று எழுதிவிடக் கூடாது. அதற்கு முன்பு பார்க்க வேண்டியவை கண்ணும் காதும். சளி பிடித்துச் சீழ் வடியும் காதோடு ஒரு பிள்ளை முதல் வகுப்பைக் கடந்திருந்தால் ‘க்’கும் ‘ப்’பும் அதற்கு ஒன்றாகவே கேட்டிருக்கும். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு அதைப் பார்த்துவிட்டதா என்று கேட்பது தலைமையாசிரியரின் வேலை.

பின்னடைவு எது, குறைபாடு எது என்று பிரிக்க உலகெங்கும் இப்போது மதிக்கப்படும் வழி ஒன்று இருக்கிறது. எல்லோருக்கும் முதலில் நன்றாகக் கற்பிப்பது. சில மாதம் கழித்து யார் நகரவில்லை என்று பார்ப்பது. நகராதவர்களுக்குச் சிறு குழுவாகக் கூடுதல் வேலை கொடுப்பது. அதற்கும் அசையாதவர்களை மட்டும் நிபுணரிடம் அனுப்புவது. முதல்படிக்கு வேண்டிய ஏற்பாடு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 2022 ஜூன் 13 அன்று தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், வகுப்பைப் பாராமல் பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறது. மதிப்பீடு செயலியில் ஏறுகிறது. ஆக ஒரு பிள்ளை இரண்டு பருவம் ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தும், கூடப் படித்தவர்கள் மொட்டுக்கும் மலருக்கும் போன பிறகும், அரும்பிலேயே இருக்கிறான் என்பது செயலிக்குத் தெரியும். அந்தத் தகவலே ஒரு மணி அடிக்க வேண்டும். அது சராசரியில் கரைந்துபோகிறது. ஒன்றியத்தில் இத்தனை சதவீதம் மலர் என்று கூட்டத்தில் காட்டும் வரைபடத்தில் இந்தப் பையன் இல்லை. உலக அளவில் டிஸ்லெக்சியாவுக்குச் சொல்லப்படும் கணக்கு நூற்றுக்கு 5 முதல் 10 பேர். 30 பேர் கொண்ட வகுப்பில் இரண்டு மூன்று பேர். என் கருத்தில் அரும்பிலேயே தங்கிவிடுவோர் பட்டியல்தான் இந்த மாவட்டத்தின் மிக மலிவான, மிக நம்பகமான முதல் சோதனை. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளைக் கண்டறிய ஆசிரியர்களுக்கு ‘நலம் நாடி’ என்று ஒரு செயலியும் தந்திருக்கிறார்கள். இரண்டு செயலிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டால் போதும்.

கண்டுபிடித்தாயிற்று, பிறகு என்ன செய்வது? வல்லாரை மாத்திரை இதற்கு மருந்தில்லை. மாத்திரை என்ற வகையிலேயே மருந்து கிடையாது. கையெழுத்துப் பயிற்சி வகுப்பும் நிறக் கண்ணாடியும் வாசிப்பைக் கொண்டுவராது. பலன் தருவதாகத் திரும்பத் திரும்ப நிரூபணமான வேலை ஒன்றே: ஒலியைப் பிரித்துக் காட்டி, அதை எழுத்தோடு கட்டி, சிறுசிறு படியாக, நிறைய முறை பழக்குவது. 1983இல் ஆக்ஸ்போர்டின் லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்ட்டும் ஒலியில் பின்தங்கிய சிறுபிள்ளைகளுக்கு, ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களைச் சேர்க்கும் விளையாட்டைக் கற்றுக் கொடுத்தார்கள். ஒலி விளையாட்டோடு பிளாஸ்டிக் எழுத்துகளையும் சேர்த்துப் பழகிய குழுதான் பிற்பாடு வாசிப்பில் நன்றாக முன்னேறியது. ஒலி மட்டும் போதாது, எழுத்து மட்டும் போதாது. இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும்.

இதற்கு வெளிநாட்டுப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. ‘க்+அ=க, க்+ஆ=கா’ என்று நாம் சின்ன வயதில் ஒப்பித்தது உலகத் தரமான ஒலிப் பயிற்சி; ஆனால் ராகம் போட்டு ஒப்பிப்பதால் அதற்குள் இருக்கும் பிரிப்பு காதில் விழாமலே போய்விடுகிறது. ஒப்பிப்பதை நிறுத்திக் கேள்வியாக்கினால் உயிர் வந்துவிடும். ‘பால்’ என்ற சொல்லில் முதல் ஒலியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? ‘ஆல்’. ‘கல்’லை நீட்டினால்? ‘கால்’. ‘படம்’, ‘பாடம்’, ‘பட்டம்’ மூன்றையும் கைதட்டிச் சொன்னால் எங்கே தட்டு நீள்கிறது, எங்கே தடுக்கிறது? தெருப்பிள்ளைகள் பெரியவர்களுக்குப் புரியாமல் பேசும் ‘க பாஷை’யும் இதே பயிற்சிதான். ‘வாடா’ என்பதை ‘கவாகடா’ என்று சொல்ல, சொல்லை அசை அசையாக உடைத்து ஒவ்வொன்றின் முன்னும் ‘க’ வைத்துத் திரும்பக் கோக்க வேண்டும். அதையும் மின்னல் வேகத்தில். அதில் எந்தப் பிள்ளை தடுமாறுகிறது என்று ஒரு மதிய இடைவேளையில் காது கொடுத்துக் கேட்டால் ஆசிரியருக்குப் பாதித் தகவல் கிடைத்துவிடும். அடிக்க வேண்டாம், தேர்வு வேண்டாம், படிவம் வேண்டாம்.

எழுத்தையும் அ, ஆ, இ, ஈ வரிசையிலேயே கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. ட, ப, ம மூன்றும் புள்ளியும் தெரிந்தால் படம், பட்டம், மடம், மட்டம் என்று அன்றைக்கே சொல் வாசிக்கலாம். வாசித்துவிட்டோம் என்ற ருசி அந்தப் பிள்ளைக்கு முதல் வாரமே கிடைக்கும். கொம்புக் குறிகளைப் பிறகு, ஒன்றொன்றாக, ஒன்று உறைந்த பின் அடுத்தது. உகர வரிசை கடைசியில். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில் அட்டைகளும் ஏணிப்படியும் இருந்தன. பிள்ளை தன் வேகத்தில் ஏறலாம் என்பதே அதன் அடிப்படை. நடைமுறையில் அட்டை மாற்றும் வேலையாகச் சுருங்கிப்போன பள்ளிகளும் உண்டு. அந்த யோசனை மட்டும் இந்தப் பிள்ளைகளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது என்று இன்றும் சொல்வேன்.

அமெரிக்காவில் சாமுவேல் ஆர்டனும் அன்னா கில்லிங்ஹாமும் 1930களில் உருவாக்கிய முறையில், பிள்ளை எழுத்தைப் பார்த்துக்கொண்டே வாயால் ஒலித்து, விரலால் வரைவான். திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பிச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது புதிதாகத் தோன்றாது. சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிகளின் மணல் எழுத்தையும் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தையும் பார்த்துவிட்டுப் போய், 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகவே போட்டார். ‘மதராஸ் முறை’ என்று அது அங்கே பரவியது. மணலில் விரல் வைப்பது தன்னளவில் எவ்வளவு உதவுகிறது என்பதில் ஆய்வாளர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. ஒலியை ஒழுங்காக, வெளிப்படையாகக் கற்பிப்பதுதான் வேலை செய்கிறது என்பதே பலர் முடிவு. ஆனால் ஜோடிப் படிப்பு பற்றி எனக்குத் தயக்கம் இல்லை. 40 பேர் வகுப்பில் ஒரே ஆசிரியர் எல்லோர் வாசிப்பையும் தினமும் கேட்க முடியாது. இருவர் இருவராக உட்கார்ந்து, ஒரே பத்தியை ஒருவர் வாசிக்க மற்றவர் திரும்ப வாசித்து, அதையே மூன்று நாள் செய்தால் வேகம் கூடும்.

செய்யக் கூடாதவை சில. முன்னறிவிப்பு இல்லாமல் எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்வது. கரும்பலகையிலிருந்து பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதச் சொல்வது. அறிவியல் தேர்வில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பது. சமூக அறிவியலில் அவனுக்கு என்ன தெரியும் என்று அறிய வேண்டுமானால் கேள்வியை வாசித்துக் காட்டிப் பதிலை வாயால் கேட்கலாம். 2018இலிருந்து வந்த நம் புதிய பாடப்புத்தகங்களில் க்யூஆர் குறியீடு இருக்கிறது. கேட்டும் பார்த்தும் படிக்க அது வழி. கணக்கிலும் தனியாக ஒரு குறைபாடு உண்டு, டிஸ்கால்குலியா என்பார்கள். மூன்று புளியங்கொட்டையை எண்ணாமல் பார்த்தவுடன் மூன்று என்று சொல்ல முடியாமல், நான்காம் வகுப்பிலும் விரல்விட்டே 5+2 போடும் பிள்ளை அது. பல்லாங்குழியும் எண்கோடும் அங்கே வாய்பாட்டைவிட உதவும்.

காந்திகிராமம் இருக்கும் மாவட்டம் இது. 1947இல் சௌந்தரம் அம்மையாரும் ஜி.ராமச்சந்திரனும் அதைத் தொடங்கியபோது கையும் மூளையும் சேர்ந்து படிக்கும் ஆதாரக் கல்விதான் அதன் உயிர். அதை வளைத்து, ‘இவனுக்குப் படிப்பு ஏறாது, பூட்டுப் பட்டறைக்கோ மில்லுக்கோ விட்டுடுங்க’ என்று சொல்வது இங்கே நீண்ட காலம் நடந்தது. தொழிலைக் கற்பது வேறு, எழுத்தைக் கைவிடுவது வேறு. ஆதாரக் கல்வியில் எழுத்துக்கு மாற்றாகத் தொழில் வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1995இன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடு கிடையாது. 2016இன் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டு இதையும் சேர்த்தது. 16ஆம் பிரிவு, இந்தக் குறையைக் கூடிய விரைவில் கண்டறிந்து ஏற்ற கற்பித்தல் முறையைக் கையாள்வது கல்வி நிறுவனத்தின் கடமை என்கிறது. சான்றிதழுக்கு 2018இல் வந்த விதிமுறை, பெங்களூரு நிம்ஹான்ஸ் உருவாக்கிய தேர்வுகளை வைத்து 8 வயதில் மதிப்பிட்டு, 14இலும் 18இலும் மறுபடி பார்க்கச் சொன்னது. குழந்தை மருத்துவர், உளவியலாளர், சிறப்பாசிரியர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு அப்படி ஒரு குழு உள்ளூரிலேயே உட்காருவது நடக்கக்கூடிய காரியம். ஆனால் சட்டம் இரண்டு கடமையைச் சொல்வதைக் கவனிக்க வேண்டும். சான்றிதழ் என்பது சலுகைக்கு. கற்பித்தலுக்குச் சான்றிதழ் தேவையில்லை. ஆறு வயதில் தொடங்க வேண்டிய ஒலிப் பயிற்சியை எட்டு வயது அட்டைக்காகத் தள்ளிப்போட எந்த விதியும் சொல்லவில்லை.

நாம் நேர்மாறாகச் செய்கிறோம். எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி நிறுத்தம் இல்லை. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு அதைக் கைவிட்டபோதும் தமிழ்நாடு தொடர்கிறது, அது சரியான முடிவு. ஒரே பாடத்தை அதே விதத்தில் இரண்டாம் முறை நடத்துவதால் ஒலி கேட்காத காதுக்குக் கேட்டுவிடாது. ஆனால் இடையில் எதுவுமே செய்யாமல் ஒன்பதாம் வகுப்பு வரை கொண்டுவந்துவிட்டு, பத்தாம் வகுப்பில் ‘மெல்லக் கற்போர் கையேடு’ என்று சில பக்கங்களைக் கொடுத்து 35 மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்ய வைக்கிறோம். ‘மினிமம் மெட்டீரியல்’ என்பது ஆசிரியர் அறையில் அதன் செல்லப் பெயர். மாலை ஆறரை வரை அமர்ந்து அதைப் படிக்க வைக்கும் ஆசிரியர்களின் உழைப்பைக் குறைத்துப் பேச மாட்டேன். அதே உழைப்பில் பாதி முதல் வகுப்புக்குப் போயிருக்க வேண்டும். 2025இல் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை வந்திருக்கும் ‘திறன்’ பயிற்சி இந்த நடு இடைவெளியைத்தான் குறிவைக்கிறது. அதிலும் நகராதவர்களைத் தனியே பார்க்கும் ஏற்பாடு வந்தால்தான் அதற்கு அர்த்தம்.

கூடுதல் உதவிக்கு ஆள் வேண்டுமே. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் ஒன்றியம் முழுக்கப் பள்ளி பள்ளியாகச் சுற்றுகிறவர். பார்வை, செவி, மூளை முடக்குவாதம் என்று எல்லாப் பிள்ளைகளும் அவர் பொறுப்பு. கண்ணுக்குத் தெரியும் குறைக்கே நேரம் போய்விடுகிறது. உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில், தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 மாணவருக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் விகிதம் வகுத்தது. சம்பளம் வரும் வழியான சமக்ர சிக்ஷாவிலோ, 2024–25க்குத் தமிழ்நாட்டின் பங்கான ரூ.2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. 2025 மே மாதம் மாநிலம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இதற்குப் பின்னால் இருக்கும் கல்விக் கொள்கைச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். தொகுப்பூதியத்தில் பேருந்தில் அலையும் பயிற்றுநருக்கு அது மாதச் சம்பளப் பிரச்சினை.

சான்றிதழ் கிடைத்த மாணவருக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், ஒரு மொழிப் பாட விலக்கு போன்ற சலுகைகளைத் தேர்வுத் துறை தருகிறது. சொல்லி எழுத வைப்பதும் ஒரு திறமைதான்: விடையை மனதில் வரிசைப்படுத்தி, தெரியாத ஒருவர் கை போகும் வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும், வரைபடத்தில் எதை எங்கே குறிப்பது என்று வாயால் காட்ட வேண்டும். பல மாணவர்கள் அதை முதன்முதலாகச் செய்வதே மார்ச் மாதப் பொதுத்தேர்வு அறையில். ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்விலேயே கீழ் வகுப்பு மாணவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கத் தலைமையாசிரியரின் அனுமதி ஒன்றே போதும்.